யார் ஓட்டியது? மூன்று கடிதம், மூன்று பதில்

கேள்வி: ஒரே மாதத்தில் வீட்டுக்கு மூன்று கடிதம். முதலாவது போலீஸிடமிருந்து. மணிக்கு 30 மைல் வேக வரம்புள்ள சாலையில் என் கார் 37ல் போனதாம். ஓட்டியது நானா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பத்து மாதமாக எங்களோடு இருக்கும் மச்சானா என்று சரியாக நினைவில்லை. அவரிடம் இலங்கை லைசென்ஸ் இருக்கிறது, என் இன்சூரன்ஸிலும் அவர் பெயரைச் சேர்த்திருக்கிறேன். இரண்டாவது கவுன்சிலிடமிருந்து. பஸ் லேனில் போனதற்கு 70 பவுண்டு. மூன்றாவது ஒரு தனியார் பார்க்கிங் கம்பெனி. சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் 23 நிமிடம் நின்றதற்கு 100 பவுண்டு. நின்றது 4ஆம் தேதி, கடிதத்தில் இருக்கும் தேதி 24. வேலையிடத்தில் ஒருவர் "எல்லாத்தையும் குப்பையில போடு" என்கிறார். இன்னொருவர் "மூன்றிலும் மச்சான் பெயரை எழுதிவிடு" என்கிறார். இன்னும் எதற்கும் பதில் எழுதவில்லை. வசிப்பது இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே. என்ன செய்யலாம்?

பதில்: அந்த இரண்டு யோசனையையும் விட்டுவிடுங்கள். இரண்டாவது யோசனை ஜெயில் வரைக்கும் கொண்டுபோகக்கூடியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று கடிதத்தையும் படித்தால் மூன்றும் ஒரே விஷயத்தைக் கேட்பதுபோல இருக்கும்: அன்றைக்கு வண்டியை ஓட்டியது யார்? போலீஸ் கேட்டால் சொல்லியே ஆகவேண்டும். கவுன்சிலுக்கு அது யாராக இருந்தாலும் ஒன்றுதான், பணம் கீப்பரிடமிருந்து, அதாவது வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடமிருந்து, வரவேண்டும். தனியார் கம்பெனிக்கு அதைச் சொல்லும் கடமையே உங்களுக்கு இல்லை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். போலீஸ் படிவத்தை மேசையில் போட்டுவிட்டு, பார்க்கிங் கம்பெனிக்கு "அன்றைக்கு நான்தான் வந்தேன், வரிசை நீளமாக இருந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று உருக்கமாக எழுதுகிறார்கள். இரண்டிலும் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

கவுன்சில் நோட்டீஸும் தனியார் நோட்டீஸும் இரண்டுமே பி.சி.என். என்ற சுருக்கத்தோடு, ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் வரும். தாளின் மேலே கவுன்சில் பெயரும், உள்ளே 2004ஆம் ஆண்டின் டிராஃபிக் மேனேஜ்மென்ட் சட்டமும் இருந்தால் அது அரசு அபராதம். கம்பெனிப் பெயரும் "ஒப்பந்த மீறல்" என்ற பேச்சும் இருந்தால் அது ஒருவர் உங்களுக்கு அனுப்பிய பில், அவ்வளவுதான். பில்தான் என்பதால் குப்பையில் போடலாம் என்று அர்த்தமில்லை.

முதலில் போலீஸ் கடிதம். மூன்றில் இதற்குத்தான் அவசரம்.

அந்த உறையில் இரண்டு விஷயம் சேர்ந்து வந்திருக்கும். ஒன்று, வழக்குத் தொடரப்போகிறோம் என்ற முன்னறிவிப்பு. குற்றம் நடந்த நாளைக் கணக்கில் சேர்க்காமல், 14 நாளுக்குள் அது ரெஜிஸ்டர்ட் கீப்பருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சாதாரண முதல் வகுப்புத் தபாலில் அனுப்பினால், போட்டதற்கு இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இந்த 14 நாள் முதல் கீப்பருக்கு மட்டும்தான். கார் லீஸில் இருந்தாலோ, கம்பெனிக் காராக இருந்தாலோ, கடிதம் முதலில் அங்கே போய்விட்டு உங்களிடம் ஒன்றரை மாதம் கழித்து வந்தாலும் செல்லும். வண்டிப் பதிவுச் சான்றான லாக்புக்கில் பழைய முகவரியை விட்டுவைத்திருந்தால் தாமதத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

இன்னொன்று, 1988ஆம் ஆண்டு ரோடு டிராஃபிக் சட்டத்தின் 172ஆம் பிரிவுப்படி ஓட்டுநர் யார் என்று கேட்கும் படிவம். இதற்கு 28 நாள். பதில் சொல்லாவிட்டால் லைசென்ஸில் 6 தண்டனைப் பாயிண்ட், 1000 பவுண்டு வரை அபராதம். எம்.எஸ்.90 என்ற குற்றக் குறியீடும் ஏறும். 37ல் போனதற்கு வெறும் 3 பாயிண்ட்தான். இன்சூரன்ஸ் கம்பெனிகள் வேகத்துக்கான எஸ்.பி.30ஐக் கண்டு முகம் சுளிப்பார்கள், எம்.எஸ்.90ஐக் கண்டால் பிரீமியத்தையே ஏற்றிவிடுவார்கள். எதையோ மறைக்கிற ஆள் என்று அவர்களுக்குப் படுகிறது. ஆக, படிவத்தைக் குப்பையில் போடச் சொன்ன நண்பர் உங்களுக்குச் சிபாரிசு செய்வது இரட்டிப்பு தண்டனையை. லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு 6 பாயிண்ட் விழுந்தால் லைசென்ஸே ரத்து, தியரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

மௌனம் காக்கும் உரிமை என்று சிலர் கிளம்புவார்கள். அதையும் பார்த்தாயிற்று. 2007ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் இரண்டு பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் இதே வாதத்தை வைத்துத் தோற்றார்கள். வண்டி வைத்திருப்பவர் சில பொறுப்புகளை ஏற்றுக்கொண்டுதான் வைத்திருக்கிறார் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போடாமல் படிவத்தைத் திருப்பி அனுப்பும் தந்திரமும் செல்லாது. கையெழுத்தில்லாத பதில் பதிலே இல்லை.

உங்கள் நிலைமையில் உண்மையான சிக்கல், யார் ஓட்டியது என்று நினைவில்லாததுதான். "நினைவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினால் அது பதில் சொல்லாததற்குச் சமம். நியாயமான முயற்சி எடுத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று காட்டினால்தான் சட்டம் உங்களை விடும். அந்த முயற்சியைக் காட்ட வேண்டிய சுமையும் உங்கள்மேல்தான். எனவே இன்றைக்கே போலீஸ் தளத்தில் படம் கேளுங்கள். பல கேமரா பின்பக்கத்தைத்தான் எடுக்கும், முகம் தெரியாமல் போகலாம், ஆனாலும் கேட்டதற்குப் பதிவு இருக்கட்டும். படம் வரும்வரை 28 நாள் கடிகாரம் நிற்காது என்பதை மறக்க வேண்டாம். பிறகு அந்தத் தேதி, அந்த நேரத்தை எடுத்துக்கொண்டு இருவரும் உட்காருங்கள். போனில் இருக்கும் இடப் பதிவு, வங்கி அட்டை எங்கே தட்டப்பட்டது, வேலை ஷிஃப்ட் அட்டவணை, வாட்ஸ்அப்பில் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று போட்ட செய்தி. பெரும்பாலான வீட்டில் இதிலேயே விடை கிடைத்துவிடும்.

கிடைத்தால் அந்தப் பெயரைப் போடுங்கள். கிடைக்கவே இல்லையென்றால், இரண்டு பேரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, நீங்கள் என்னென்ன பார்த்தீர்கள் என்பதெல்லாம் சேர்த்து ஒரு கடிதமாகப் படிவத்தோடு கெடுவுக்குள் அனுப்புங்கள். உங்கள்மீது 172ல் வழக்கு வரக்கூடும். வந்தாலும் கையில் ஒரு தற்காப்பு இருக்கும். வேகம், 172 என்று இரண்டு குற்றச்சாட்டும் சேர்ந்து வந்தால், ஓட்டியது தான்தான் என்று தெரிந்தவர் வேகத்தை ஒப்புக்கொள்வதற்கு ஈடாக 172ஐக் கைவிட வழக்குத் தரப்பு சம்மதிப்பது கோர்ட்டில் அன்றாடம் நடப்பது. அதற்கு நேரில் போய்ப் பேச வேண்டும், தபாலில் ஒப்புக்கொண்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

தபாலில் அனுப்பினால் போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் "புரூஃப் ஆஃப் போஸ்டிங்" கேட்டு வாங்குங்கள், இலவசம்தான். "அனுப்பினேன், அவர்களுக்குக் கிடைக்கவில்லையாம்" என்று புலம்பும் எல்லோருக்கும் இல்லாமல் போனது அந்தச் சின்னக் காகிதம்தான்.

இப்போது மச்சான் பெயரைப் போடும் யோசனை. ஓட்டியது நீங்கள் என்று தெரிந்துகொண்டே அவர் பெயரை எழுதினால் அது நீதியின் போக்கைத் திரிக்கும் குற்றம். அபராதத்தோடு முடியாது. கிறிஸ் ஹூன் பிரிட்டிஷ் அமைச்சராக இருந்தவர். 2003ல் எம்11 மோட்டார்வேயில் பிடிபட்ட வேகப் பாயிண்டுகளை அப்போதைய மனைவி விக்கி பிரைஸ் தன் பெயரில் ஏற்றுக்கொண்டார். பத்து வருடம் கழித்து, 2013ல், இருவருக்கும் ஆளுக்கு எட்டு மாதச் சிறை. ஃபியோனா ஒனசான்யா எம்.பி.யாக இருக்கும்போதே 2019ல் மூன்று மாதம் உள்ளே போனார், காரணம் ஒரு வேக டிக்கெட்டில் சொன்ன பொய். வெளிநாட்டிலிருந்து வந்து திரும்பிப்போன உறவினர் பெயரை எழுதிவிட்டால் யார் தேடப்போகிறார்கள் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஆட்களிலும் உண்டு. போலீஸ் தேடுகிறது. முதலில் கேட்பது அவருக்கு அந்தக் காரில் இன்சூரன்ஸ் இருந்ததா என்றுதான். இல்லையென்றால், இன்சூரன்ஸ் இல்லாதவரை ஓட்டவிட்டதற்கு உங்களுக்கே 6 பாயிண்டிலிருந்து தொடங்கும். நீங்கள் மச்சானைச் சேர்த்து வைத்திருப்பது நல்லது. உண்மையிலேயே அவர் ஓட்டியிருந்தால் தயங்காமல் எழுதுங்கள், அவருக்குத் தனியாக ஒரு படிவம் வரும், அதை அவர் நிரப்ப வேண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை 30ல் 37 என்பது பெரிய விவகாரமே இல்லை. போலீஸ் வழிகாட்டுதலில் 10 சதவீதமும் அதற்கு மேல் 2 மைலும் என்று ஒரு கணக்கு உண்டு. 30 சாலையில் 35லிருந்து நடவடிக்கை, 42 வரை ஸ்பீட் அவேர்னஸ் கோர்ஸ் என்ற வேகம் பற்றிய வகுப்பு, 50லிருந்து நேராகக் கோர்ட். 35க்குக் கீழே போனால் குற்றமில்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. 31ம் குற்றம்தான், அது போலீஸ் காட்டும் தயவு. கடந்த மூன்று வருடத்தில் கோர்ஸ் போகாதவருக்குத்தான் கோர்ஸ் தருவார்கள். ஏறத்தாழ 80 முதல் 100 பவுண்டு, கம்ப்யூட்டர் முன்னால் இரண்டரை மூன்று மணி நேரம், பாயிண்ட் கிடையாது. கோர்ஸ் கிடைக்காவிட்டால் 100 பவுண்டு, 3 பாயிண்ட். மூன்று வருடத்துக்குள் 12 சேர்ந்தால் குறைந்தது ஆறு மாதம் ஓட்டக் கூடாது. ஸ்காட்லாந்தில் வேகத்துக்கு இந்தக் கோர்ஸ் ஏற்பாடே இல்லை, அங்கே பிடிபட்டவர்கள் காத்திருந்து ஏமாற வேண்டாம்.

கோர்ஸ் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். கேமரா மஞ்சளாக இல்லை, மரத்துக்குப் பின்னால் இருந்தது, நோட்டீஸில் என் பெயரில் எழுத்துப்பிழை என்றெல்லாம் இணையத்தில் நிறையப் படிப்பீர்கள். ஒன்றும் கோர்ட்டில் நிற்காது. வேக வரம்புப் பலகைதான் சில நேரம் நிற்கும். தெருவிளக்கு சீரான இடைவெளியில் இருக்கும் சாலையில் வேறு பலகை இல்லாவிட்டால் 30தான், ஆகவே அங்கே அதையும் சொல்ல முடியாது. கோர்ஸ் போனதை இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்வதுதான் சட்டம். "பாயிண்ட் இருக்கிறதா" என்றால் இல்லை. "கோர்ஸ் போனீர்களா" என்று குறிப்பாகக் கேட்டால் ஆமாம்.

இனி கவுன்சில். இதில் யார் ஓட்டியது என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வண்டி திருடுபோயிருந்தது, அதற்கு முன்பே விற்றுவிட்டேன், வாடகைக்குக் கொடுத்திருந்தேன் என்பன போன்ற சில காரணங்கள் தவிர, கீப்பர்தான் கட்ட வேண்டும். வீட்டுக்குள் மச்சானிடம் வாங்கிக்கொள்வது உங்கள் குடும்ப விவகாரம். லைசென்ஸில் பாயிண்ட் எதுவும் ஏறாது.

நோட்டீஸில் இருக்கும் எண்ணையும் கார் எண்ணையும் போட்டு கவுன்சில் தளத்தில் வீடியோவைப் பாருங்கள். பார்க்க வேண்டியவை: லேன் தொடங்கும் இடத்தில் நீலப் பலகை கண்ணில் படுகிறதா, அதில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் போனீர்களா, இடப்பக்கம் திரும்புவதற்காகக் கடைசியில் கோடு முடிந்த பிறகுதான் நுழைந்தீர்களா, தபால் நோட்டீஸ் சம்பவத்திலிருந்து 28 நாளுக்குள் வந்ததா. ஒன்றுமில்லை, தெரியாமல் நுழைந்துவிட்டேன் என்றால் சீக்கிரம் கட்டினால் பாதி என்ற தள்ளுபடிக் காலத்துக்குள் 35 பவுண்டைக் கட்டி முடித்துவிடுங்கள். அந்தக் காலம் 14 நாளா 21 நாளா என்பது உங்கள் தாளிலேயே இருக்கும். ஆம்புலன்ஸுக்கு வழிவிட உள்ளே போனேன் என்றால் கவுன்சிலுக்கு எழுதுங்கள். வீடியோவில் அது தெரிந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், ஆனால் ஹைவே கோடே ஆம்புலன்ஸுக்காகச் சட்டத்தை மீறச் சொல்லவில்லை, அதனால் உரிமையோடு கேட்க முடியாது.

எழுத்து மூலம் மறுப்பு அனுப்ப 28 நாள். கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தராவிட்டால் நோட்டீஸ் விழுந்துவிடும். உங்கள் மறுப்பைக் கவுன்சில் ஏற்காவிட்டால் டிராஃபிக் பெனால்டி தீர்ப்பாயம், லண்டனுக்குள் என்றால் லண்டன் டிரைபியூனல்ஸ். இரண்டும் இலவசம், தோற்றாலும் செலவுத் தொகை என்று தலையில் கட்டுவது மிக அபூர்வம். நீங்கள் பணயம் வைப்பது தள்ளுபடியை மட்டும்தான், 35 போய் 70 ஆகும். இந்த நாட்டில் சாதாரண மனிதருக்கு உண்மையிலேயே காதுகொடுத்துக் கேட்கும் இடங்களில் இந்தத் தீர்ப்பாயமும் ஒன்று என்பது என் எண்ணம், போனில் பேசியே முடித்துவிடலாம். ஒரு நுணுக்கம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். "மனைவிக்கு உடம்பு சரியில்லை, பதற்றத்தில் போனேன்" போன்ற காரணங்களுக்கு இரக்கம் காட்டும் அதிகாரம் கவுன்சிலிடம்தான் இருக்கிறது. தீர்ப்பாயத்தில் இருப்பவர் சட்டப்படிதான் ரத்துசெய்ய முடியும், இரக்கக் காரணம் வலுவாக இருந்தால் மறுபடி யோசித்துப் பாருங்கள் என்று கவுன்சிலுக்குத் திருப்பி அனுப்பலாம், அவ்வளவே. எனவே இரக்கக் கதையைக் கவுன்சில் கடிதத்திலேயே சான்றோடு எழுதிவிட வேண்டும். பலகை, கோடு, தேதி பற்றிய வாதத்தை இரண்டு இடத்திலும் வைக்கலாம்.

இதையும் குப்பையில் போட்டால் 70 பவுண்டு 105 ஆகும். பிறகு நார்த்தாம்ப்டனில் இருக்கும் டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டரில் பதிவாகி, பொருளைப் பறிமுதல் செய்ய அதிகாரமுள்ள பெய்லிஃப் வாசலுக்கு வருவார், அவருடைய கட்டணமும் சேர்ந்து சில நூறு பவுண்டு. அவர் காருக்குப் பூட்டுப் போடலாம். முதல் கடிதமே கிடைக்காதவர் அந்தக் கட்டத்திலும் சாட்சிப் படிவம் கொடுத்து எல்லாவற்றையும் முதலுக்குக் கொண்டுவர முடியும். வீடு மாறிவிட்டு லாக்புக்கை மாற்றாதவர்கள்தான் பெரும்பாலும் இங்கே வந்து மாட்டுகிறார்கள். அப்படி மாற்றாமல் விடுவதே 1000 பவுண்டு வரை அபராதத்துக்குரிய குற்றம் என்பதும் பலருக்குத் தெரியாது.

மூன்றாவது, தனியார் கம்பெனி. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் உங்கள் கையில் ஒரு நல்ல துருப்புச் சீட்டு இருக்கிறது.

"தனியார் டிக்கெட்டா, கண்டுகொள்ளாதே" என்ற அறிவுரை ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. அப்போது கம்பெனிக்கு ஓட்டியவர் யார் என்று தெரியாது, கீப்பரைப் பிடிக்கவும் வழியில்லை. 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புரொடெக்ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் காருக்குப் பூட்டுப் போடுவதைத் தடைசெய்தது. அதற்கு ஈடாக, ஓட்டுநர் யாரென்று தெரியாவிட்டால் கீப்பரிடம் வசூலிக்கும் வழியைக் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. 2015ல் இன்னொரு கதவும் சாத்தப்பட்டது. செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைவளாகத்தில் இலவச இரண்டு மணி நேரத்துக்கு மேல் 56 நிமிடம் நின்ற கார், 85 பவுண்டு. பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ் என்ற அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைவாசலில் இடம் சுழன்றுகொண்டிருக்க வேண்டும் என்பது நியாயமான நோக்கம், 85 ஒன்றும் அநியாயத் தொகை இல்லை என்று தீர்ப்பு. அன்றிலிருந்து "இவ்வளவு பணமா, நஷ்டம் என்ன அவர்களுக்கு?" என்ற வாதம் மட்டும் வைத்து ஜெயிப்பது நடக்காது. கம்பெனிகள் வண்டிப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.யிடம் ஒரு கீப்பர் முகவரிக்கு 2.50 பவுண்டு கொடுத்து, ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல் வாங்குகின்றன. கோர்ட்டுக்கும் போகின்றன.

ஆனால் கீப்பரைப் பிடிக்க அந்தச் சட்டம் சில நிபந்தனை வைத்திருக்கிறது. காரில் டிக்கெட் ஒட்டாமல் கேமராவை மட்டும் நம்பினால், நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் நோட்டீஸ் கீப்பர் கையில் சேர வேண்டும். உங்கள் கார் நின்றது 4ஆம் தேதி, ஆக 18க்குள் வந்திருக்க வேண்டும். கடிதமே 24 தேதியிட்டது. கெடு போய்விட்டது, கீப்பரான உங்களைப் பிடிக்க அந்தக் கம்பெனிக்கு வழியில்லை. ஓட்டியவரைத்தான் பிடிக்க வேண்டும், ஓட்டியவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

அவசரப்படுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். அந்தக் கடிதம் முதல் நோட்டீஸா, நினைவூட்டலா? முதல் கடிதம் தபாலில் தொலைந்திருந்தால் கணக்கு மாறும். அன்று கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியிருந்தார்களா? ஒட்டியிருந்தால் தபால் நோட்டீஸ் 29ஆம் நாளிலிருந்து 56ஆம் நாளுக்குள் வர வேண்டும், அது வேறு கணக்கு. லாக்புக்கில் முகவரி சரியா?

மூன்றும் சரி என்றால், கம்பெனிக்கு எழுத வேண்டியது நாலே வரி. நான் இந்த வாகனத்தின் ரெஜிஸ்டர்ட் கீப்பர். வாகனம் நின்றது 4ஆம் தேதி, உங்கள் நோட்டீஸ் 24ஆம் தேதியிட்டது, 2012 சட்டத்தின் 4ஆம் அட்டவணை 9ஆம் பத்தி சொல்லும் 14 நாள் கெடு தவறிவிட்டது, எனவே கீப்பருக்குப் பொறுப்பில்லை. ஓட்டுநர் பெயரைச் சொல்லும் கடமை எனக்கில்லை, சொல்லப்போவதில்லை. கட்டணத்தை ரத்துசெய்யுங்கள், அல்லது மேல்முறையீட்டு எண்ணைத் தாருங்கள். இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். "நான் நிறுத்தினேன்", "நாங்கள் சாமான் வாங்கும்போது", "எனக்கு நேரம் போனது தெரியவில்லை" என்று ஒரு "நான்" நழுவினாலும் ஓட்டுநர் யாரென்று நீங்களே சொன்னதாகிவிடும், துருப்புச் சீட்டு போச்சு. அவர்களுடைய இணையப் படிவத்தில் "நீங்கள் ஓட்டுநரா, கீப்பரா" என்று ஒரு பெட்டி இருக்கும். கீப்பர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது பொய் சொல்வது இல்லை. சொல்லக் கடமையில்லாததைச் சொல்லாமலிருப்பது. கோர்ட்டில் நீதிபதி நேரடியாகக் கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

கம்பெனி மறுத்தால், அது பார்க்கிங் கம்பெனிகளின் இரண்டு சங்கத்தில் எதில் உறுப்பினர் என்பதைப் பொறுத்து, போப்லா அல்லது ஐ.ஏ.எஸ். என்ற மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். போப்லா என்றால் 28 நாள் தருவார்கள். அங்கே ஜெயித்தால் கம்பெனி கட்டுப்பட வேண்டும், தோற்றால் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. 14 நாள் தவறிய வழக்கில் போப்லாவில் ஜெயிப்பது சுலபம். ஐ.ஏ.எஸ். விஷயத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

இதோடு கூடவே சூப்பர் மார்க்கெட் மேலாளரிடமும் ரசீதைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் சொன்னால் கம்பெனி பல நேரம் ரத்துசெய்துவிடும். அங்கே வாயால் பேசுவது சரி, மின்னஞ்சலில் "நான் ஓட்டினேன்" வேண்டாம்.

தேதிச் சிக்கல் இல்லாத மற்றவர்களுக்கு: 2024 அக்டோபரிலிருந்து இரண்டு சங்கத்துக்கும் பொதுவான நடத்தை விதி இருக்கிறது. முடிவில் 10 நிமிடச் சலுகை, உள்ளே வந்து பலகையைப் படித்து முடிவெடுக்கக் குறைந்தது 5 நிமிடம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போனதை கேமரா ஒரே நீண்ட நிறுத்தமாக எண்ணுவது வழக்கமான தவறு. மெஷினில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ எழுத்து அடித்தது போன்ற சின்னப் பிழையென்றால் ரத்துசெய்ய வேண்டும். விமான நிலையம், ரயில் நிலையம் போன்ற தனி விதியுள்ள நிலத்தில் கீப்பர் பொறுப்புச் சட்டம் பெரும்பாலும் பொருந்தாது. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் அது இல்லவே இல்லை.

கம்பெனி விடாமல் கடன் வசூல் நிறுவனத்திடம் கொடுத்தால் சிவப்பு மையில் கடிதம் வரும், 100 பவுண்டு 170 ஆகும். அவர்கள் பெய்லிஃப் இல்லை, பொருளை எடுத்துப்போகும் அதிகாரம் கிடையாது, அந்தக் கடிதத்தை அடுக்கி வைத்தால் போதும். அடுக்கி வைக்கக் கூடாத இரண்டு உண்டு. வழக்குக்கு முந்தைய கடிதம் ஒன்று, கவுண்டி கோர்ட் கிளைம் படிவம் மற்றொன்று. இரண்டாவதும் நார்த்தாம்ப்டனிலிருந்துதான் வரும், அந்த ஊர் முத்திரை போட்ட எந்த உறையையும் அன்றே பிரியுங்கள். கிடைத்ததிலிருந்து 14 நாள், கிடைத்தது என்று ஒப்புகை அனுப்பினால் மொத்தம் 28. விட்டால் கம்பெனி கேட்டபடி தீர்ப்பு விழும், 250 பவுண்டு பக்கம் போய் நிற்கும், ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டாவிட்டால் ஆறு வருடம் கிரெடிட் ரெக்கார்டில் இருக்கும். வீட்டுக்கடன் வாங்கப்போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. கவுன்சில் அபராதம் இந்த ரெக்கார்டில் ஏறுவதில்லை. அங்கே பெய்லிஃப் பயம், இங்கே கிரெடிட் பயம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மச்சானுக்குப் பத்து மாதம் ஆகிறது என்கிறீர்கள். இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் இலங்கை லைசென்ஸில் ஓட்டலாம், இந்திய லைசென்ஸுக்கும் இதே விதி. இடையில் ஊருக்குப் போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று சொல்வார்கள், இங்கே குடியிருப்பவருக்கு அப்படித் தொடங்காது. சர்வதேசப் பெர்மிட் வாங்கினாலும் நீளாது. இலங்கையும் இந்தியாவும் மாற்றிக்கொள்ளும் நாடுகளின் பட்டியலில் இல்லை, எனவே பரீட்சை எழுதித்தான் ஆக வேண்டும். 12 மாதம் முடிந்த மறுநாள் அவர் காரை எடுத்தால், இன்சூரன்ஸில் பெயர் இருந்தும் போலீஸ் அதை இன்சூரன்ஸ் இல்லாத ஓட்டமாகப் பார்க்கலாம். அவருக்கு 300 பவுண்டும் 6 பாயிண்டும், வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், ஓட்டவிட்ட உங்கள்மீதும் வழக்கு வரலாம்.

இரண்டு மாதம்தான் மிச்சம். இந்த வாரமே இணையத்தில் 34 பவுண்டு கட்டி புரோவிஷனல் (கற்போர்) லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தியரிக்கு உடனே தேதி கிடைத்துவிடும், பிராக்டிகலுக்குப் பல ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் எல் போர்டு மாட்டி, 21 வயது நிரம்பி மூன்று வருடமாவது லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் ஓட்டலாம். அதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டு, இனி அவர் புரோவிஷனல் ஓட்டுநர் என்று மாற்றச் சொல்லிவிடுங்கள்.